கணிப்பொறியின் சூடும் அதனைத் தணிக்கும் முறையும்
(பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கான பாடம்)

பஞ்சாயத்துக் காரியாலயம் என்றால் ஒரு மர அலமாரியும், நூல் கட்டிய கணக்குப் புத்தகங்களும், மைக்கூடுமே நினைவுக்கு வந்த காலம் ஒன்றிருந்தது. இன்று அந்த அலமாரியின் பக்கத்தில் கணிப்பொறியும் இடம் பெற்றுவிட்டது. மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் தேதி தொடங்கிய இ-கிராம ஸ்வராஜ் ஏற்பாட்டில், பஞ்சாயத்தின் வளர்ச்சித் திட்டமும் வரவு செலவும் பதிவு செய்யப்படுகின்றன. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றின் கணக்கும் கணிப்பொறிக்கு வந்துவிட்டது. ஆகவே, இக்கருவி நின்றால் காரியாலயத்தின் பாதி வேலை நின்றதாகவே கொள்ள வேண்டும்.

கணிப்பொறி பழுதாவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுவது சூடு. பம்பு செட்டு மோட்டார் கொதித்தால் குடியானவர் உடனே கைவைத்துப் பார்த்து அதனை நிறுத்திவிடுகிறார். கணிப்பொறியின் சூடோ மூடிய பெட்டிக்குள் இருப்பதால் கண்ணுக்கும் கைக்கும் புலனாவதில்லை. அச்சூடு எங்கே பிறக்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது, அந்த வழி அடைபட்டால் என்ன நேரும், அதனை எவ்வாறு சீர்செய்வது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். பிராசசர் எனப்படும் மூளைப் பகுதிக்கு விசிறி இருப்பதைப் பலர் அறிவர். அதற்கு அடுத்த நிலையில் உள்ள சிப்செட் என்னும் பகுதியைக் குறித்தே இங்கு முக்கியமாகக் கூறப்படுகிறது.

தாய்ப்பலகையும் சிப்செட்டும்

கணிப்பொறிப் பெட்டியைத் திறந்தால் பச்சை, நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் அகன்றதொரு பலகை தெரியும். இதுவே மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை. பிராசசர், நினைவுச் சில்லுகள், தகவல்களைச் சேமிக்கும் வட்டு, விசைப்பலகை, அச்சு இயந்திரம் ஆகிய யாவும் இப்பலகையின் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இப்பேச்சை ஒழுங்குபடுத்துவது சிப்செட். ஏரியிலிருந்து வரும் நீரை எந்த வாய்க்காலுக்கு எப்போது விட வேண்டும் என்று பார்த்து மடை திறக்கும் நீர்க்கட்டியின் வேலையைப் போன்றது இதன் வேலை.

முற்காலத் தாய்ப்பலகைகளில் இவ்வேலையைப் பல சிறு சில்லுகள் பங்கிட்டுச் செய்தன. பின்னர் அவை இரண்டு பெரிய சில்லுகளாகத் திரட்டப்பட்டன. பிராசசருக்கு அருகில் இருப்பது நார்த் பிரிட்ஜ் எனவும், சற்றுத் தள்ளி இருப்பது சவுத் பிரிட்ஜ் எனவும் பெயர் பெற்றன. நினைவகத்தோடு இடைவிடாது தொடர்பு கொள்ளும் நார்த் பிரிட்ஜுக்கு வேலை மிகுதி. ஆகவே சூடும் மிகுதி. ஏ.எம்.டி. நிறுவனம் 2003-ஆம் ஆண்டிலும், இன்டெல் நிறுவனம் 2008-ஆம் ஆண்டிலும் நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதியைப் பிராசசருக்குள்ளேயே அமைத்த வகைகளை வெளியிட்டன. 2009-ஆம் ஆண்டு முதல் இன்டெல் தாய்ப்பலகைகள் பலவற்றில் சிப்செட் ஒரே சில்லாகக் குறுகிவிட்டது.

இம்மாறுதலால் சூடும் குறைந்தது. 2008-ஆம் ஆண்டில் வந்த இன்டெல் ஜி-41 என்னும் சிப்செட்டுக்கு உற்பத்தியாளர் குறித்த வெப்ப அளவு 25 வாட். 2011-ஆம் ஆண்டில் வந்த எச்-61 என்பதற்கோ 6.1 வாட் மட்டுமே. ஆயினும் தொல்லை முற்றிலும் நீங்கிவிட்டதாக எண்ணலாகாது. 2019-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. வெளியிட்ட எக்ஸ்-570 என்னும் சிப்செட் மிக்க வேகம் உடையதாகையால், அதன்மேல் பல உற்பத்தியாளர்கள் மீண்டும் ஒரு சிறு விசிறியை வைக்க வேண்டியதாயிற்று. மேலும், நம் காரியாலயங்களிலும் பள்ளிகளிலும் பழைய தாய்ப்பலகைகள் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். அவற்றுக்கு இப்பாடம் மிகவும் பொருந்தும்.

சூடு பிறக்கும் விதம்

சிப்செட் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் சூடாகவே மாறுகிறது. மோட்டார் தண்ணீரை இறைக்கிறது; விளக்கு ஒளி தருகிறது. சில்லோ கணக்கு மட்டுமே செய்வதால், அது உண்ட மின்சாரத்திற்குச் சூட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. 10 வாட் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அந்த 10 வாட்டும் விரல் நகத்தை ஒத்த, சுமார் 1 சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து வெளிப்படுவதைக் கவனிக்க வேண்டும். 15 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டவர்களுக்கு அதன் சூடு தெரியும். அந்தப் பல்பின் பரப்போ சில்லின் பரப்பைப் போல் பல மடங்கு பெரியது. பரப்பு சுருங்கச் சுருங்கச் சூடு அவ்விடத்திலேயே தேங்கிவிடுகிறது.

பெரும்பாலான சிப்செட்டுகளுக்கு உற்பத்தியாளர் விதிக்கும் உச்ச வரம்பு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதைத் தாண்டினால் கணிப்பொறி தவறாக வேலை செய்யும், அல்லது அசையாமல் நின்றுவிடும். வரம்புக்குள் இருந்தாலும் நாள்தோறும் மிகுதியாகச் சூடேறி ஆறுவது நல்லதன்று. சில்லைப் பலகையோடு இணைக்கும் நுண்ணிய ஈயப்பற்றுகள் விரிந்தும் சுருங்கியும் களைப்புற்று, நாளடைவில் வெடிப்பு விடும். 2008-ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில் இணைப்புப் பொருள்களின் பலவீனத்தால் பழுது நேர்வதாக அறிவித்து, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. பெரிய நிறுவனத்துக்கே இத்தகைய செலவை வைக்கக்கூடியது, சூடேறி ஆறும் இந்தத் தொல்லை.

சூடு வெளியேறும் மூன்று வழிகள்

சூடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் மூன்று. தோசைக் கல்லின் ஒரு பக்கம் அடுப்பில் இருக்க, மறுபக்கமும் காய்வது வெப்பக் கடத்தல். அடுப்பின் மேலே காற்று சூடாகி எழும்பக் குளிர்ந்த காற்று கீழே வந்து சேர்வது வெப்பச் சலனம். தொடாமலும் காற்றின் உதவி இல்லாமலும், சூளையின் எதிரே நிற்பவர் முகத்தில் அனல் அடிப்பது வெப்பக் கதிர்வீச்சு. கணிப்பொறியில் முதல் இரண்டு வழிகளே முக்கியமானவை. சில்லிலிருந்து உலோகத்திற்குக் கடத்தலாலும், உலோகத்திலிருந்து காற்றுக்குச் சலனத்தாலும் சூடு நீங்குகிறது.

எல்லாப் பொருள்களும் சூட்டை ஒரே அளவில் கடத்துவதில்லை. விஞ்ஞானிகள் இதனை ஓர் எண்ணால் குறிப்பர். செம்புக்கு அந்த எண் சுமார் 400. அலுமினியத்திற்குச் சுமார் 200 முதல் 237 வரை. இரும்புக்குச் சுமார் 80. காற்றுக்கோ 0.025 மட்டுமே. செம்பைக் காட்டிலும் காற்று பதினாறாயிரம் மடங்கு மட்டமான கடத்தி என்பது இதனால் விளங்கும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் இப்பாடத்தின் மற்றப் பகுதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

ஹீட்சிங்க்கின் வேலை

சிப்செட்டின் மேல் வரிவரியாகத் தகடுகள் நிற்கும் ஓர் உலோகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். இதுவே ஹீட்சிங்க். இதன் தத்துவம் நமக்குப் புதிதன்று. பம்பு செட்டு மோட்டாரின் உடலில் நீளவாக்கில் வரிகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். மோட்டார் சைக்கிள் என்ஜினைச் சுற்றியும் அத்தகைய தகடுகள் உண்டு. ஊர் டிரான்ஸ்பார்மரின் பக்கங்களில் எண்ணெய் ஓடும் குழாய்களும் தகடுகளும் இருப்பதும் இதற்காகவே. காற்றைத் தொடும் பரப்பை அதிகமாக்கினால் சூடு விரைவில் நீங்கும். கொதிக்கும் காப்பியை டம்ளரிலிருந்து அகன்ற டபராவில் ஊற்றும் இல்லத்தரசியும் இத்தத்துவத்தையே கையாளுகிறார்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 4 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள தட்டையான தகட்டின் மேற்பரப்பு 16 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 4 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 10 மெல்லிய தகடுகளை நிறுத்துவோம். ஒவ்வொரு தகட்டின் இரு பக்கமும் சேர்ந்து 16 சதுர சென்டிமீட்டர். பத்துத் தகடுகளுக்கு 160 சதுர சென்டிமீட்டர். அதே இடத்தில், காற்றைத் தொடும் பரப்பு பத்து மடங்கு கூடிவிட்டது.

செம்பு நல்ல கடத்தியாயினும் கனமும் கிரயமும் அதிகம். அலுமினியம் லேசானது, மலிவானது, வரிகளாக வார்த்தெடுக்க வசதியானது. ஆகவே சிப்செட் ஹீட்சிங்க்குகளில் பெரும்பாலானவை அலுமினியத்தால் ஆனவை. எவ்வுலோகமாயினும் தகடுகளுக்கிடையே காற்று புகுந்து வெளியேற வேண்டும். அந்த இடைவெளிகளில் தூசி பஞ்சுபோல் படிந்துவிட்டால், 160 சதுர சென்டிமீட்டர் இருந்தும் பயனில்லை.

வெப்பப் பசை எதற்கு?

சில்லின் முகமும் ஹீட்சிங்க்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியினும், நுட்பமாக நோக்கினால் இரண்டிலும் மேடும் பள்ளமும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களில் காற்று நிற்கும். சாந்து இல்லாமல் செங்கற்களை அடுக்கினால் இடையே வெளிச்சம் தெரிவதைப் போன்றது இது. காற்று மிக மட்டமான கடத்தி என்று மேலே கண்டோம். எனவே அக்காற்றை வெளியேற்றிப் பள்ளங்களை நிரப்பும் ஒரு பொருள் வேண்டும். அதற்காக ஏற்பட்டதே தெர்மல் பேஸ்ட் என்று கடைகளில் வழங்கும் வெப்பப் பசை. சிலிகோன் எண்ணெய் போன்ற உலராத நெய்ப்பொருளில் துத்தநாக ஆக்சைடு, அலுமினிய ஆக்சைடு போன்ற நுண்தூள்களைக் குழைத்து இதனைச் செய்கிறார்கள். சிலவற்றில் வெள்ளித் தூளும் சேர்வதுண்டு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். பசை சூட்டை உறிஞ்சிவிடும் என்றும், ஆகவே தடிப்பாகப் பூசினால் நல்லது என்றும் பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. சாதாரணப் பசையின் கடத்தும் எண் சுமார் 1. உயர்ந்த வகைகளுக்குச் சற்று அதிகம். காற்றின் 0.025-ஐ நோக்க இது மிக நல்லது. அலுமினியத்தின் 200-ஐ நோக்க மிகவும் மட்டம். ஆகவே, பசை காற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டுமேயன்றி உலோகத்தின் இடத்தைப் பிடிக்கலாகாது.

1 சதுர சென்டிமீட்டர் சில்லிலிருந்து 10 வாட் சூடு வெளியேறுவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், இடையிலுள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் உள்ள சூட்டு வேற்றுமை பின்வருமாறு அமையும்:

பசை 0.05 மில்லிமீட்டர் தடிப்பு: 5 டிகிரி.
பசை 0.5 மில்லிமீட்டர் தடிப்பு: 50 டிகிரி.
பசை இன்றிக் காற்று மட்டும் 0.05 மில்லிமீட்டர்: 200 டிகிரி.

உண்மையில் மேடுகள் சிற்சில இடங்களில் தொட்டுக்கொள்வதால் மூன்றாவது நிலை இவ்வளவு கொடியதாக இராது. எனினும், மெல்லிய பசைக்கும் தடித்த பசைக்கும் உள்ள வேற்றுமை பத்து மடங்கு என்பதை இக்கணக்கிலிருந்து தெளிவாக அறியலாம்.

நடுப்பகலில் மட்டும் நிற்பது ஏன்?

சில்லின் சூட்டை அறிய மூன்று எண்களைக் கூட்ட வேண்டும். முதலாவது, பெட்டிக்குள் உள்ள காற்றின் சூடு. இரண்டாவது, ஹீட்சிங்க் காற்றைவிட எவ்வளவு சூடேறியுள்ளது என்பது. மூன்றாவது, பசையில் ஏற்படும் வேற்றுமை.

சித்திரை வெயிலில் காரியாலய அறை 40 டிகிரி என்றும், பெட்டிக்குள் அதைவிட 8 டிகிரி அதிகம் என்றும் கொள்வோம்; 48 ஆயிற்று. 10 வாட் சில்லுக்கு ஹீட்சிங்க் 30 டிகிரி ஏறுவதாகவும், நல்ல பசையில் 5 டிகிரி வேற்றுமை இருப்பதாகவும் கொண்டால் மொத்தம் 83 டிகிரி. இது 100-க்கு உட்பட்டது; ஆபத்தில்லை.

இனி, பசை பல ஆண்டு உழைப்பால் காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகிவிட்டது என்றும், பசையின் பங்கு 5-க்குப் பதில் 30 டிகிரி ஆயிற்று என்றும் கொள்வோம். 48, 30, 30 ஆகியவை சேர்ந்து 108 டிகிரி ஆகும், கணிப்பொறி நின்றுவிடும். அதே இயந்திரம் காலை வேளையில், அறை 29 டிகிரியாகவும் பெட்டி 37 டிகிரியாகவும் இருக்கும்போது, 97 டிகிரியில் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியிலோ எந்தக் குறையும் தெரியாது. காலையில் ஓடி நடுப்பகலில் நிற்கும் கணிப்பொறியைக் கண்டால் முதலில் சூட்டையே ஐயுற வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

பழுதை அறியும் முறை

சூட்டினால் வரும் பழுதுக்குச் சில அடையாளங்கள் உண்டு. கணிப்பொறி தொடங்கிச் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின் நிற்கும். ஆறவிட்டுத் தொடங்கினால் மீண்டும் ஓடும். சிப்செட் சூடானால் யூ.எஸ்.பி. துளைகளில் செருகிய கருவிகள் விட்டுவிட்டு அறுபடும். வட்டு காணவில்லை என்ற செய்தி வரும். பழைய பலகைகளில் திரையில் கோடுகளும் புள்ளிகளும் தோன்றும்.

ஐயத்தைத் தெளிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உள்ளது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒரு மேசை விசிறியின் காற்று உள்ளே படும்படி வைத்து, வழக்கமான வேலையைச் செய்து பார்க்க வேண்டும். நிற்கும் நேரம் தள்ளிப்போனாலோ, நிற்பதே ஒழிந்தாலோ காரணம் சூடுதான் என்று கொள்ளலாம். மாற்றமே இல்லையாயின் நினைவுச் சில்லின் இணைப்பு, மின் வழங்கும் பெட்டி, உப்பிப்போன கண்டென்சர் முதலிய வேறு காரணங்களை ஆராய வேண்டும். பசையை மாற்றினால் எல்லாப் பழுதும் தீரும் என்று நம்புவது அறியாமை. ஈயப்பற்று முன்பே வெடித்துவிட்ட சில்லைப் பசை குணப்படுத்தாது. அனல் காற்றைப் பாய்ச்சி அதனைச் சரிசெய்து தருவதாகச் சிலர் கூறுவர்; அப்பழுதுபார்ப்பு பெரும்பாலும் நெடுநாள் நிலைப்பதில்லை.

செய்முறை

கணிப்பொறி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் நாமாகத் திறக்கலாகாது. விற்றவருக்கே தெரிவிக்க வேண்டும். அக்காலம் கடந்திருந்தால், பழக்கமுள்ள ஒருவரைக் கொண்டு பின்வரும் முறையில் செய்யலாம்.

1. கோப்புகள் யாவற்றையும் முதலில் வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியைவிடக் கணக்கு பெரிது.

2. கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்தும் யூ.பி.எஸ். பெட்டியிலிருந்தும் பிடுங்கி, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும்.

3. பலகையைத் தொடுமுன் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். நம் உடலில் தங்கிய நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்காமல் இருக்க இது அவசியம்.

4. மெல்லிய வண்ணத் தூரிகையாலும் ஊதுகருவியாலும் தூசியை நீக்க வேண்டும். ஊதும்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

5. ஹீட்சிங்க் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். வில்போன்ற கம்பி இரு கொக்கிகளில் மாட்டியிருக்கலாம். அல்லது சுருள்வில் உடைய பிளாஸ்டிக் ஊசிகள் பலகையின் துளைகளில் செருகியிருக்கலாம். ஊசிகளாயின் பலகையின் பின்புறத்தில் அவற்றின் முனைகளை மெல்ல அமுக்கி எடுக்க வேண்டும். கெட்டியான ஒட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் பலவந்தமாகப் பிடுங்கலாகாது. சில்லும் உடன் பெயர்ந்துவிடும்.

6. பழைய பசை இறுகியிருந்தால் நெம்பாமல், சற்றே இடமும் வலமும் திருகி விடுவிக்க வேண்டும். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் சில்லையும் ஹீட்சிங்க்கின் அடியையும் துடைக்க வேண்டும். இத்திரவம் எளிதில் தீப்பற்றும். அருகில் விளக்கோ ஊதுவத்தியோ இருத்தல் கூடாது.

7. சில்லின் நடுவில் புதிய பசையை இட வேண்டும். விரல் நகமளவு சில்லுக்கு இரண்டொரு கடுகளவு போதும். 3 அல்லது 4 சென்டிமீட்டர் அகலமுள்ள முகத்துக்கு ஒரு துவரம்பருப்பு அளவு போதும்.

8. ஹீட்சிங்க்கை நேராக இறக்கிச் சமமாக அமுக்கி மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமுக்கினால் சில்லின் மூலை உடைந்துவிடும். மாட்டிய பின் அது ஆடுகிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. பெட்டியை மூடி, இரண்டு மணி நேரம் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். பசை மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைப்பது பின்வருவோர்க்கு உதவியாகும்.

சில தாய்ப்பலகைகளில் பசைக்குப் பதில் மெத்தைபோன்ற மெல்லிய பட்டை வைக்கப்பட்டிருக்கும். சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என இடைவெளி உள்ள இடங்களில் இப்பட்டையே பொருந்தும். அதனை எடுத்துவிட்டுப் பசையை இட்டால் இடைவெளி நிரம்பாது. இருந்த பயனும் போய்விடும். அதே தடிப்புள்ள புதிய பட்டையையே வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பற்பசை, வண்டி மசகு, விளக்கெண்ணெய் ஆகியவற்றை வெப்பப் பசைக்குப் பதிலாக இடலாகாது. சில நாள் பயன் தருவதுபோல் தோன்றினும் உலர்ந்தோ உருகி வழிந்தோ கேடு செய்யும். திரவ உலோகம் என்ற பெயரில் விற்கும் காலியக் கலவையை அலுமினிய ஹீட்சிங்க்குக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அன்றியும் அது மின்சாரத்தைக் கடத்துவதால், சிந்தினால் பலகையே கெடும்.

கணிப்பொறியை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்புறம் ஒரு சாண் இடம் விட வேண்டும். சிமெண்டுத் தகட்டுக் கூரையின் கீழ், மேற்கு வெயில் படும் சன்னலோரத்தில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தூசி படியாதிருக்க ஓடும்போதே பெட்டியின்மேல் துண்டையோ பிளாஸ்டிக் உறையையோ போர்த்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது கோடையில் கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும். உறையை மாலையில் வேலை முடிந்து, கருவி ஆறிய பின்னரே போட வேண்டும்.

ஒரு பஞ்சாயத்தில் கண்டது

ஒரு பஞ்சாயத்தில் கோடைக் காலத்தில் கணிப்பொறி நாள்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நின்றுவந்தது. புது வீட்டுக்கு மின் இணைப்புப் பெற வீட்டு வரி ரசீது வேண்டி வந்த ஒரு கூலித் தொழிலாளப் பெண், மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்தும் வெறுங்கையோடு திரும்பினார். பழுது பார்க்க வந்தவர் தாய்ப்பலகை போய்விட்டதென்றும், இத்தனை பழைய கருவிக்குப் பலகை கிடைக்காதாகையால் முழு இயந்திரத்தையும் மாற்ற வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். தீர்மானம் நிறைவேறும் தறுவாயில், காலையில் ஓடும் பலகை எப்படிப் பகலில் மட்டும் போகும் என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். அவர் ஒரு குடியானவர். மோட்டார் காயில் பலமுறை கட்டிப் பழகியவர்.

அவருடைய கேள்வியின் பேரில் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, சிப்செட்டின் கம்பி ஒரு கொக்கியிலிருந்து கழன்று ஹீட்சிங்க் ஒருபுறம் சாய்ந்திருந்தது. பசை உலர்ந்து பொடியாக உதிர்ந்தது. சுத்தம் செய்து, புதிய பசையிட்டு, கம்பியை மாட்டியபின் கருவி அக்கோடை முழுவதும் நிற்காமல் ஓடியது. செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று. புது இயந்திரத்துக்கென எண்ணிய தொகை பஞ்சாயத்து நிதியிலேயே தங்கியது. ஆனால் அந்தப் பெண் இழந்த மூன்று நாள் கூலியை எவராலும் திருப்பித் தர இயலவில்லை.

அங்கத்தினர்களின் கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் யாவரும் கணிப்பொறி பழுது பார்க்கக் கற்க வேண்டும் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அறிந்திருத்தல் போதும். புதிய கருவி வாங்கும் தீர்மானம் வரும்போது, எந்த வேளையில் நிற்கிறது, விசிறி வைத்துப் பார்த்தீர்களா, பசை எப்போது மாற்றப்பட்டது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பங்குனி மாதத்தில், வெயில் முற்றுமுன், ஆண்டுக்கொரு முறை தூசி நீக்கி ஹீட்சிங்க் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி ஏற்பாடு செய்யலாம். பசையை ஒவ்வோராண்டும் மாற்ற வேண்டியதில்லை. உலர்ந்திருந்தாலோ, ஹீட்சிங்க்கைக் கழற்ற நேர்ந்தாலோ மாற்றினால் போதும். பள்ளிக்கூடத்துக் கணிப்பொறிகளையும், கூட்டுறவுச் சங்கத்தின் கருவிகளையும் இவ்வாறே கவனித்தல் நலம்.

ஏரிக்கரையில் எலி வளை சிறிதாக இருக்கும்போதே அடைப்பது நம் முன்னோர் வழக்கம். பஞ்சாயத்தின் பொருள் எதுவாயினும் அது மக்கள் வரிப்பணத்தால் வந்தது. அதனைச் சிறு கவனத்தால் காப்பாற்றி, நாடி வருவோரைக் காக்க வைக்காமல் அனுப்புவது நம் பொறுப்பாகும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. பசையைத் தடிப்பாகப் பூசினால் சூடு ஏன் அதிகமாகிறது?
2. உங்கள் காரியாலயத்தில் கணிப்பொறி வைக்கப்பட்டுள்ள இடம் காற்றோட்டம் உடையதா? மாற்ற வேண்டுமாயின் எங்கே மாற்றலாம்?
3. காலையில் ஓடிப் பகலில் நிற்கும் கருவியை மாற்றுமுன் எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்?
4. பம்பு செட்டு மோட்டாருக்கும் சிப்செட்டுக்கும் சூட்டைத் தணிக்கும் முறையில் உள்ள ஒற்றுமைகள் யாவை?